உன் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்த பெட்டி

இன்று காலை கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். திரை வெளுத்து, "வணக்கம்" என்று எழுத்து வந்தது. அவ்வளவுதான். வெறும் வணக்கம், பின்னால் பெயர் இல்லை. உட்காரத் தோன்றாமல் நின்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ கொண்டுவந்தவர் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, "என்னங்க, பேயக் கண்ட மாதிரி நிக்கறீங்க?" என்றார். பேயைக் காணோமே என்றுதான் நிற்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

போன வாரம் இதே திரை உன் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தது. நீ போய்ப் பதினாலு மாதம் ஆகிறது.

நடந்ததை உன்னிடம்தான் சொல்லியாக வேண்டும். திட்டுவாய், தெரியும். நீ இருந்திருந்தால் கையில் கிடைக்கும் ஸ்டேப்ளரையோ ரப்பர் ஸ்டாம்பையோ என்மேல் எறிந்திருப்பாய். எறிய ஆள் இல்லாததால் துணிந்து எழுதுகிறேன். வெளியே மஞ்சூர் பஸ் ஸ்டாண்டு மூடுபனியில் காணாமல் போயிருக்கிறது. ஹாரன் சத்தத்தை வைத்துத்தான் எந்த பஸ் என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

தப்பு முழுக்க என்னுடையது. சான்றிதழ் விண்ணப்பிக்கும் தளம் போன திங்கட்கிழமை நம் பழைய பிரவுசரில் திறக்கவே மாட்டேன் என்றது. உங்கள் பிரவுசர் பழையது, புதியதற்கு மாறுங்கள் என்று சிவப்பில் ஒரு வரி. வாசலில் ஆறு பேர் காத்திருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் எஸ்டேட்டில் அரை நாள் லீவு போட்டு வந்தவர்கள். புதிதாக ஒரு பிரவுசர் வந்திருப்பதாக ஒரு மாதமாகக் காதில் விழுந்துகொண்டிருந்தது. அது தானாகவே படிக்குமாம், தானாகவே எழுதுமாம், பேசினால் பதில் சொல்லுமாம். இறக்கினேன். பழைய விவரங்களைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டது. சரி என்றேன். உங்களுக்காக எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா என்றது. சரி. குரலில் பேசட்டுமா? அதற்கும் சரி. நான் என்றைக்கு எதைப் படித்துப் பார்த்து அழுத்தியிருக்கிறேன் சொல்லு. கல்யாணத்துக்கே அப்படித்தான் தலையாட்டினேன்.

அடுத்த நொடி அந்தப் பெட்டி வாயைத் திறந்து, உன் பெயரைச் சொல்லி, "வணக்கம்" என்றது. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவளின் குரல். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. உன் பெயரை அவ்வளவு சுத்தமாக இந்த ஊரில் யாரும் சொன்னதில்லை, உன் அம்மா உள்பட.

சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் புத்தியில் உறைத்தது. கடையின் அக்கவுண்ட் உன் பேரில் நீ ஆரம்பித்தது. அதை மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று பதினாலு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். மாற்றினால் நீ போய்விட்டாய் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு கிறுக்குத்தனம்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அது வேலையில் சூரப்புலிதான். ஆதார் அட்டையைக் காமெராவில் காட்டினால் போதும், பெயர், அப்பா பெயர், லைன் வீட்டு எண் வரைக்கும் கட்டங்களில் தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. இன்ஷியல் மாறி நான் திட்டு வாங்கிய காலமெல்லாம் அன்றைக்கே முடிந்தது. ஆபீஸிலிருந்து வந்த கடிதத்தைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்றால், நாலு வரியில் நமக்குப் புரிகிற தமிழில் சொல்லிவிடுகிறது. ஆறு பேரையும் ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிட்டேன். நீ இருந்தால் அதன் மூஞ்சிக்கு நேரே, "இவ்வளவு கெட்டிக்காரிக்கு இந்த ஊர்ல என்னடி வேலை?" என்று கேட்டிருப்பாய்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், திரையின் நடுவில் ஒரு சின்னக் கட்டம். உங்களுக்கு ஆர்வமுள்ளவை என்று தலைப்பு. அதன் கீழே, மார்பில் வலியில்லாத கட்டி, எப்போது பயப்பட வேண்டும் என்று ஒரு கட்டுரை. அதன் கீழே இன்னொன்று. அதன் கீழே இன்னொன்று.

கடைக்கும் உன் செல்போனுக்கும் ஒரே அக்கவுண்ட். எங்களிடம் எல்லாம் சளி என்று சொல்லிக்கொண்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தாயே, அந்த ஆறு மாதமும் நீ போனில் இதைத்தான் தேடியிருக்கிறாய். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரில் அத்தனை பேர் தேடியதையும் துடைத்தவள், உன்னுடையதைத் துடைக்காமல் போய்விட்டாய். பாவி. மத்தியானம் முழுக்க ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். அப்போதே அந்தப் பிரவுசரைத் தூக்கியெறிந்திருக்க வேண்டும். இது எதையும் மறக்காது என்று அதுவே என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டது. எனக்குத்தான் வேலை சுலபமான ருசி விடவில்லை.

துடைப்பது என்றால் நம் கடையில் என்ன என்று உனக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. வந்தவர் வேலை முடிந்து எழுந்திருக்கும் முன், அவர் பார்த்தது, எழுதியது, திறந்தது எல்லாவற்றையும் அவர் கண்முன்னால் அழிக்க வேண்டும். அதுவும் கடைசிப் பொத்தானை அவரே அழுத்த வேண்டும். "உங்க கையால அழிங்க. எங்கைய நம்பாதீங்க" என்பாய். தேயிலைக் கறை ஏறிக் கறுத்த விரலால் ஒவ்வொரு பெண்ணும் அந்தப் பொத்தானை அழுத்துவாள், அழுத்திவிட்டுத் திரையைக் குனிந்து பார்ப்பாள். சிலோனிலிருந்து வந்த அந்தப் பெரியவர் ஒருவர் மட்டும் ஒருமுறையில் திருப்திப்பட மாட்டார். "இந்தப் பெட்டிய எத்தன பேரு பாவிக்கிறாங்க? என் வெவரம் அடுத்த ஆளுக்கு ஆப்புடாதே?" என்று கேட்டு, இரண்டாம் தடவையும் அழுத்துவார். எனக்குச் சிரிப்பு வரும். நீ சிரிக்க மாட்டாய். "பயம் இருக்கட்டும் புள்ள. பயந்தவங்கதான் ரெண்டு தடவ தொடைப்பாங்க" என்பாய்.

நானும் உன் கடைக்குள் பயந்துகொண்டு வந்தவள்தானே. பன்னிரண்டு வருடம் ஆகிறது. கோயமுத்தூரில் தையல் கம்பெனி, தங்க இடமும் தருவார்கள் என்று யாரோ சொன்னதைத் தேடிக்கொண்டு வந்தேன். அரைப் பக்கம் படித்திருப்பேன், என் புருஷன் தான் ஓட்டும் தேயிலை லாரியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு உள்ளே ஏறி வந்தார். "என்ன பாத்துட்டு இருக்கா? திருப்புங்க அந்தப் பொட்டிய" என்றார். நீ அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. திரை மட்டும் இருண்டது. "அடடா, கரண்ட் போயிருச்சுங்களே" என்றாய். தலைக்கு மேலே டியூப் லைட் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. அவர் அதை அண்ணாந்து பார்த்தார். "லைட்டு எரியுதே?" "அது வேற லைனுங்க" என்றாய், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

மேசைக்கு அடியில் யு.பி.எஸ். பெட்டியின் பொத்தான்மேல் உன் இடது கால் கட்டைவிரல் இருந்தது எனக்குப் பல நாள் கழித்துத்தான் தெரியும். அதற்காகவே அந்தக் காலுக்கு மட்டும் சாக்ஸ் போட மாட்டாய். தை மாத உறைபனியில்கூட வலது காலில் கம்பளி சாக்ஸ், இடது கால் வெறுங்கால். பவர் ஹவுஸை மடியில் வைத்துக்கொண்டு கரண்ட்டுக்கு ஏங்குகிற ஊர் இது, இங்கே கரண்ட் போனது என்றால் எவனும் நம்புவான் என்பாய். நான் கோயமுத்தூர் போனேன், இரண்டு வருடம் தைத்தேன், அவர் தன் வழியைப் பார்த்துக்கொண்டதும் திரும்பி வந்தேன். எனக்கு வேறெங்கும் போகத் தோன்றவில்லை, உன் கடைக்கு வந்தேன். என்னைவிட ஒரு வயது மூத்தவள் என்று அக்கா போட்டுக் கூப்பிட்டதற்கு, "என்னைய ஏன்டி கெழவி ஆக்கற?" என்று கத்தினாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை சுமதி வந்தாள். உனக்கு அவளைத் தெரியாது. மேலே எஸ்டேட் லைனில் இருக்கிறாள், இலை பறிக்கிறாள், புருஷனுக்கு டீ ஃபேக்டரியில் வேலை. முப்பது வயது இருக்கும். நான் பேசும்போதெல்லாம் தலையை ஒருபக்கமாகத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டாள். கழுத்துப் பிடிப்பா என்று கேட்டேன். "இல்லக்கா, வலது காது கேக்காது. ஆடியிலிருந்து" என்றாள். கோயமுத்தூரில் பெண்களுக்கு ஒரு விடுதி, அங்கேயே ஆஸ்பத்திரி உதவியாளர் வேலைக்குப் பயிற்சி. அதற்கு விண்ணப்பம் போட வந்திருந்தாள். "எங்கூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா இந்தக் காதும் போயிரும்க்கா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பிரவுசர் பத்து நிமிடத்தில் விண்ணப்பத்தை நிரப்பியது. தொடர்புக்கு என் போன் நம்பரைக் கொடுத்தோம். அனுப்பியாயிற்று. துடைக்கலாம் என்று பார்த்தால், துடைக்கிற இடம் எங்கே? பழையதில் கண்ணை மூடிக்கொண்டு போவேன், மூன்று புள்ளி, கீழே நாலாவது வரி. இதில் புள்ளியையும் காணோம், வரியையும் காணோம். வெளியே அவளுடைய பஸ் ஹாரன் அடித்துவிட்டது. அந்த பஸ்ஸை விட்டால் அவள் புருஷன் வீட்டுக்கு வருமுன் போய்ச் சேர முடியாது. அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்று, "அழிக்கோணும்னு சொல்வாங்களேக்கா? நான் அமுக்கவேயில்லையே?" என்றாள்.

நான் சொன்னேன்: "இது புதுசு. தானாவே தொடைச்சுக்கும். நீ ஓடு."

பொய். வாய் கூசாமல் சொன்ன பொய். நீ பதினெட்டு வருடம் ஒரு ஆளிடம்கூடச் சொல்லாததை, நான் அந்தப் பெண்ணின் ஒற்றைக் காதில் சொல்லி அனுப்பினேன். பஸ் போனதும் துடைக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் நிஜமாகவே கரண்ட் போய்விட்டது. யு.பி.எஸ்ஸும் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கியது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பூட்டிவிட்டுப் போனேன்.

மறுநாள் வியாழக்கிழமை. நான் வந்து ஷட்டரைத் தூக்கும்போதே ஒருவர் படியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த ஆள், நெற்றியில் விபூதி, சுத்தமாகத் தேய்த்த சட்டை. எழுந்து நின்று கும்பிட்டார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு விளக்கேற்றப் போனேன். அவர் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க, நேத்து எங்கூட்டு அம்மணி இங்க வந்துச்சுங்களா? சுமதின்னு பேரு."

கையில் தீக்குச்சி எரிந்துகொண்டே இருந்தது. விரலைச் சுட்டபிறகுதான் ஊதினேன்.

"நெறைய பேரு வர்றாங்க. பேரெல்லாம் எனக்கு ஞாபகமிருக்கறதில்லீங்க."

"உங்களுக்கு இருக்காதுங்க. பொட்டிக்கு இருக்குமாமா. எங்க ஃபேக்டரில ஒருத்தர் சொன்னாரு, யாரு என்ன பாத்தாங்கன்னு எல்லாம் அதுலயே நிக்குமாமா. பை அடியில மஞ்சூர் பஸ் டிக்கெட் கெடந்துச்சுங்க. கேட்டா பதிலே இல்ல. ஒருதரம் தெறங்க, பாத்துட்டுப் போயிர்றேன்."

குரலே உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் புருஷன் மாதிரிக் கத்துகிற ஆளாக இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தினால் பஸ் ஸ்டாண்டிலிருந்து நாலு பேர் வருவார்கள். இவர் விபூதி வாசத்தோடு, கைகட்டிக்கொண்டு, பவ்யமாகக் கேட்கிறார். ஆடி மாதமும் இப்படிப் பவ்யமாகத்தான் கேட்டிருப்பார் என்று தோன்றியது.

அப்போது பார்த்து அந்தப் பெட்டி விழித்துக்கொண்டது. உன் பெயரைச் சொல்லி, "வணக்கம். நேற்று நாம் ஒரு விண்ணப்பத்தை அனுப்பினோம். சு..." என்று ஆரம்பித்தது.

எனக்கு மூளை ஓடவில்லை. கை நீட்ட முடியாது, அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மட்டும் போனது. நானாக அனுப்பவில்லை. செருப்பை உதறிவிட்டு, மேசைக்கு அடியில், நீ உட்காரும் இடத்தில், உன் விரல் பட்டுப் பட்டுப் பெயின்ட் உரிந்த அந்தப் பொத்தானைத் தேடிப் போய் அழுத்தியது. கம்பளி சாக்ஸ் போட்ட விரல் வழுக்கியது. மறுபடி அழுத்தினேன். திரை இருண்டது. குரல் பாதியில் நின்றது.

"அடடா, கரண்ட் போயிருச்சுங்களே."

அவர் அண்ணாந்து பார்த்தார். டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது.

"லைட்டு எரியுதே?"

"அது வேற லைனுங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், அது என் குரல் இல்லை. உன்னுடையது.

என் புருஷன் அன்றைக்கு முனகிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். இவர் போகவில்லை. "செரிங்க, வரட்டும். இருந்து பாத்துட்டே போறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இப்படி ஒருவன் காத்திருந்தால் என்ன செய்வது என்று நீ சொல்லிக்கொடுக்கவே இல்லையே. அரை மணி நேரம். நான் பேப்பர்களை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். அவர் என்னையும் டியூப் லைட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஃபேக்டரில நான் மோட்டார் லைன்லதானுங்க இருக்கறேன். கொஞ்சம் கரண்ட் வேல தெரியும். குனிஞ்சு பாக்கட்டுங்களா?"

குனிந்தால் தீர்ந்தது. பொத்தான் அணைந்திருப்பதைக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

"வேண்டாமுங்க, பொசுங்கற வாசம் அடிக்குது. உள்ள எதோ போயிருச்சு. குன்னூருக்குக் கொண்டுபோனாத்தான் ஆகும்" என்று சொல்லிக்கொண்டே நானே மேசைக்கு அடியில் புகுந்தேன். ஒயர்களைப் பிடுங்கினேன். சி.பி.யு.வை இழுத்து வெளியே வைத்துப் பழைய கம்பளியில் சுற்றினேன். தூக்கப் போனேன், முழங்காலுக்கு மேலே வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பொம்பளயாளு, உங்களுக்குக் கனமா இருக்குமுங்க. குடுங்க இப்படி" என்றார்.

மறுத்தால் சந்தேகம் வரும். கொடுத்தேன். தோளில் தூக்கி வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மூடுபனியில் நான் பின்னால் போனேன். நீ பார்த்திருக்க வேண்டும் புள்ள. அந்த ஆள் எதைத் தேடி வந்தாரோ அதையே தோளில் சுமந்துகொண்டு, பள்ளம் மேடு பார்த்துக் கால் வைத்து, குன்னூர் பஸ் வரைக்கும் போனார். ஜன்னல் சீட்டில் என்னை உட்காரவைத்து, மடியில் பத்திரமாக இறக்கினார். "பாத்துக் கொண்டுபோங்க. எங்கூட்டு விசயம் இதுலதான் இருக்குது. ரிப்பேர் ஆனதும் வந்து பாக்கறேன்" என்றார். பஸ் கிளம்பியபோது கும்பிட்டார். வளைவு தாண்டியதும் எனக்கு வாந்தி வந்துவிட்டது. இருபது வருடமாக இந்த ரோட்டில் போய்வருகிறேன், ஒருநாளும் வந்ததில்லை.

சனிக்கிழமை சுமதியே வந்தாள். குன்னூரில் விட்டு வந்த பெட்டி நேற்றுதான் கைக்கு வந்தது; அன்றைக்குக் கம்ப்யூட்டர் இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன். கேட்கிற காதை என் பக்கம் திருப்பி வைத்துக் கடைசிவரை கேட்டாள். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "தொடைச்சுக்கும்னு சொன்னீங்களேக்கா" என்று மட்டும் சொன்னாள். நீ எறிந்த ஸ்டேப்ளர் ஒன்றும் அவ்வளவு வலித்ததில்லை. விடுதியிலிருந்து என் போனுக்கு அழைப்பு வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். செவ்வாய் என்றால் நாளைக்கு. கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் பஸ்ஸில் போகிறாள். வழியில் யானை மறித்தால் இரண்டு மணி நேரம் தாமதமாகும், அவ்வளவு நேரம் அவள் அந்தக் காட்டு வளைவில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவர் இன்று பதினோரு மணிக்கு வந்தார். நான் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். வெறும் வணக்கம். "ஒண்ணுமே இல்லீங்களா?" "ஒண்ணுமில்லீங்க. எல்லாம் அழிஞ்சு போச்சுன்னு குன்னூர்க்காரர் சொல்லிட்டாரு." கொஞ்ச நேரம் அந்த வணக்கத்தையே பார்த்தார். பிறகு எழுந்து போனார். ஆனால் எதிரே பஸ் நிழற்குடையில் நின்று, அரை மணி நேரம் நம் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனி வந்து மூடியபிறகு அவர் போனாரா, உள்ளேயே நிற்கிறாரா என்று தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நாளைக்கு அந்த பஸ் புறப்படும் வரைக்கும் வராது.

பயம் இருக்கட்டும் என்றாயே, இருக்கிறது. நீ விட்டுப்போனதில் நான் இறுகப் பிடித்து வைத்திருப்பது அதைத்தான். இன்றைக்கு இடது காலுக்கு சாக்ஸ் போடவில்லை. விரல் விறைத்துப் போய்விட்டது. பொத்தான் மேலேயே வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். வியாழக்கிழமை குன்னூரில் நடந்தது.

ரிப்பேர் பார்க்கிறவர் நம் பழைய ஆள்தான், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு வேலை செய்வாரே, அவர். பெட்டியை மொத்தமாகத் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பொட்டியில இருந்தது போச்சும்மா. ஆனா இந்தப் புதுசு ஞாபகம் வெச்சுக்கறது பொட்டிக்குள்ள இல்ல, அக்கவுண்ட்டுல. எங்க போய் அந்த அக்கவுண்ட்டத் தெறந்தாலும் பழசு வந்து நிக்கும்."

"அதுலயும் அழிச்சிருங்க."

"தெரிஞ்சதெல்லாம் அழிச்சுட்டேன். மிச்சம் மீதி எங்கியாவது இருக்கலாம்."

"இல்லைன்னு சத்தியம் பண்ணுவீங்களா?"

அவர் கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "பண்ண முடியாதும்மா. நிச்சயமா வேணும்னா அக்கவுண்ட்டையே மூடிறணும். யாரோடது இது?"

உன்னுடையது. அதற்குள் உன் போட்டோ எல்லாம் இருந்தது. கொடநாட்டில் காற்றில் முந்தானை பறக்க நீ கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற படம் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு அனுப்பிய குரல் பதிவுகள் இருந்தன, "கடையத் தொறந்தியா, எல்லாரும் அவங்கவங்க கையில அழிச்சாங்களா" என்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்பாயே, அவை. என் போன் உடைந்தபிறகு உன் குரல் இருந்த ஒரே இடம் அதுதான். அந்த ஆறு மாதம் நீ தேடியதும் அங்கேதான் இருந்தது. மூடினால் எதுவும் திரும்ப வராது என்று சிவப்பில் எழுதியிருந்தது. இந்த முறை ஒவ்வொரு வரியாகப் படித்தேன்.

ஒரு படத்தையாவது வேறெங்காவது மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். ஒரே ஒரு படம் எடுத்துக்கொடுத்தார், கொடநாட்டுப் படம். குரலை எடுக்கப் போனபோது சுழன்று சுழன்று நின்றுவிட்டது. நாளைக்கு வா, எடுத்துத் தருகிறேன் என்றார். நாளைக்கு என்று விட்டுத்தான் இவ்வளவும் வந்தது. வேண்டாம் என்றேன்.

கடைசியாகத் திரை ஒரு கேள்வி கேட்டது. மேலே உன் பெயர். கீழே, இந்தக் கணக்கின் உரிமையாளர் நீங்கள்தானா?

அவரவர் கையால்தான் அழிக்க வேண்டும் என்பது நம் கடைச் சட்டம். அவர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். கேட்காத காதைத் திருப்பிக்கொண்டு சுமதி எங்கோ லைன் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். விரலை வைத்தேன்.

ஆம், நான்தான்.

குனிந்து பாரு புள்ள. தொடைச்சாச்சு.